தந்தப் பந்தும் தேயிலைச் சாயமும்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் என் சகோதரி வசிக்கிறாள். அவளுடைய மகன் பகுதி நேரமாக ஒரு போலிங் கூடத்தை ஒட்டிய சிறு கடையில் வேலை செய்கிறான். கிரிக்கெட் பந்துவீச்சு அல்ல. கனமான பந்தை நீண்ட மரத்தளத்தில் உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்தும் விளையாட்டு. அங்கே போயிருந்தபோது அவன் ஒரு நீலப் பந்தை என் கையில் தந்து, "மாமா, இதுல பழைய ஓட்ட எங்க இருந்துச்சுன்னு கண்டுபுடிங்க பாப்போம்" என்றான்.

அந்தப் பந்தில் பெருவிரலுக்கும் இரண்டு விரல்களுக்குமாக மூன்று துளைகள் இடுவார்கள். ஆளுக்கு ஆள் கை மாறுபடுவதால் துளைகளும் அவரவர் கைக்கு அளந்தே இடப்படும். பந்து கைமாறினால் பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். இரண்டு திரவப் பிசின்களைக் கலந்து, அதில் துளித்துளியாகச் சாயம் சேர்த்து, பந்தின் நிறத்துக்கு ஒப்பவைத்துத் துளைக்குள் ஊற்றுவார்கள். விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும்படி ஊற்றி, இறுகிய பின் மேடாக நிற்பதைச் சீவி, தேய்த்து, மெருகேற்றுவார்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்த பின் நிற்பதில்லை என்பதால், முதலில் ஒரு சொட்டைத் தனியாகக் காயவைத்துப் பார்ப்பதுண்டு. பல கடைக்காரர்கள் இந்தச் சிரமமே வேண்டாமென்று கறுப்புப் பிசினாலோ நிறமற்ற பிசினாலோ அடைத்துவிடுகிறார்கள். என் மருமகன் அப்படிச் செய்வதில்லை. அவனுக்கு அது கௌரவப் பிரச்சினை.

நான் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பழைய துளைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனே பந்தை வாங்கிக்கொண்டு என்னை வெளியே வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் சென்றான். வெயிலில் பார்த்தால் மூன்று வட்டங்கள் சற்றே ஊதாவாகத் தெளிவாகத் தெரிந்தன. "நாங்க கட லைட்டுலதான் கலர் பாப்போம் மாமா. இந்த வெளிச்சத்துல யாரு வெளையாடப் போறாங்க?" என்று சிரித்தான்.

அவன் சொன்னது வெறும் சமாளிப்பு அல்ல, ஒளியியல். இரண்டு பொருட்கள் வெவ்வேறு சாயங்களைக் கொண்டிருந்தும் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தோன்றலாம். விளக்கு மாறினால், அதன் ஒளியில் அடங்கிய நிறங்களின் விகிதமும் மாறுவதால், அவை பிரிந்து தெரியும். புடவைக் கடையில் மின்விளக்கின் கீழ் பொருத்தமாகத் தெரிந்த ரவிக்கைத் துணி வாசலுக்கு வந்ததும் காட்டிக்கொடுப்பதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவர்.

ஆனால் அந்த இளைஞனின் வார்த்தை என்னை நுவரெலியாவுக்கு இழுத்துச் சென்றது. ஏறக்குறைய அதே வார்த்தையை, ஏறக்குறைய அதே வேலையைப் பற்றி, 1996ஆம் ஆண்டில் ஒரு முதியவரின் வாயிலிருந்து நான் கேட்டிருந்தேன். அவர் சொன்ன கதையை இங்கே பதிய வேண்டுமாயின், அதற்கு முன் அந்தப் பந்துகளின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மலையேறிய மேசை

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவை ஆங்கிலேயர் தம் ஊரின் பிரதியாக அமைத்துக்கொண்டார்கள். குதிரைப் பந்தயத் திடல், கொல்ஃப் மைதானம், ஆற்றில் விடுவதற்கு மீன்குஞ்சு, கணப்படுப்பு, ரோஜாத் தோட்டம் எனப் பிரதியில் எதுவும் விடுபடவில்லை. 1876இல் அங்கே ஹில் கிளப் உருவாயிற்று. டிக்கோயாவின் டராவெல்லவிலும் பிற இடங்களிலும் துரைமாருக்கான மன்றங்கள் இருந்தன. நாட்கணக்கில் தனிமையில் கிடந்த துரைமார் மாலையிலும் வார இறுதியிலும் கூடும் இடங்கள் அவை. அநேகமாக ஒவ்வொரு மன்றத்திலும் ஓர் அறை பில்லியட்ஸுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

முழு அளவு பில்லியட்ஸ் மேசை என்பது சாதாரணப் பொருளல்ல. பச்சைக் கம்பளித் துணியின் கீழே கனத்த கற்பலகைகள் ஐந்து இருக்கும். மொத்த எடை ஒரு தொன்னுக்கும் மேல். நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல்தான். அதற்கு முன் இந்த உயரத்துக்கு ஏறிய பாரங்கள் யாவும் மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும் ஏறியவையே. அவை யாருடைய தோள்கள் என்று மலையகத்து வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மேசைக்கு ஒரு மனிதனும் வேண்டும். புள்ளிகளை எண்ணிப் பலகையில் குறிப்பவர், குழியில் விழுந்த பந்தை எடுத்துத் துடைத்து உரிய இடத்தில் வைப்பவர், துணியைத் தூரிகையால் வருடிச் சீராக்குபவர், கோலின் நுனித்தோலை மாற்றுபவர். இந்தியாவிலும் இலங்கையிலும் அவரை 'மார்க்கர்' என்றே அழைத்தார்கள். பல மார்க்கர்மார் துரைமாரைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள். ஆள் கிடைக்காத இரவுகளில் துரைக்கு எதிராட்டக்காரர் அவர்தான். ஆனால் மன்றத்தின் அங்கத்தவர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

யானையின் கணக்கு

பந்துகளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நல்ல பில்லியட்ஸ் பந்து என்றால் அது யானைத் தந்தத்தில் கடைந்ததுதான். கனம், துள்ளல், மோதும்போது எழும் தெளிவான ஓசை ஆகிய மூன்றும் வேறெதிலும் அப்படி வாய்க்கவில்லை. எல்லாத் தந்தமும் இதற்கு ஆகாது. கொம்பன்களின் பருத்து வளைந்த தந்தத்தைவிட, பெண் யானைகளின் சிறிய, நேரான தந்தமே விரும்பப்பட்டது. தந்தத்தின் நடுவே ஓடும் நரம்புக் குழல் பந்தின் நட்டநடுவே வரும்படி வெட்ட வேண்டும். விலகினால் பந்து ஒரு பக்கம் சாய்ந்து உருளும். ஒரு தந்தத்தில் நான்கைந்து நல்ல பந்துகள் தேறினால் அதிர்ஷ்டம்.

இந்தத் தந்தம் நம் மலைகளிலிருந்து போனதா என்றால், பெரும்பாலும் இல்லை. இலங்கை யானைகளில் பெண்ணுக்குத் தந்தமில்லை. ஆணிலும் சிறுபான்மையே கொம்பன். லண்டன் கடைச்சல்காரர்களுக்கான தந்தம் ஆபிரிக்காவிலிருந்து, சன்சிபார் போன்ற துறைமுகங்கள் வழியாகச் சென்றது. அதைக் காட்டிலிருந்து கரைக்குச் சுமந்தவர்களும் கூலிச் சுமைகாரரும் அடிமைகளுமே.

நம் மலைகளில் யானைகள் வேறு காரணங்களுக்காகச் செத்தன. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிந்தது. மரம் வெட்டும் ஒப்பந்தங்களில் சிங்களக் கிராமத்தவரும், பயிரிடலிலும் பறிப்பிலும் தென்னிந்தியத் தமிழரும் ஈடுபட்டனர். வழிமறித்த யானை துரைமாருக்கு விளையாட்டுப் பொருளாயிற்று. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பதிவாகியிருக்கிறது. 1845 யூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவரது கல்லறை நுவரெலியா கொல்ஃப் மைதானத்தருகே இருக்கிறது. அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்த காலம் அது. வடமாகாணத்தில் 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500 யானைகளும், தென்மாகாணத்தில் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000 யானைகளும் இவ்விதம் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் குறித்திருக்கிறார்.

இவ்வாறு யானைகளை அழித்த மலைக்கு, வேறொரு கண்டத்து யானைகளின் பல் பந்தாக வந்து சேர்ந்தது.

நிறம் ஒப்ப வைத்தல்

பில்லியட்ஸில் மூன்று பந்துகள்தான். அக்காலத்தில் ஒன்று சிவப்பாகவும் இரண்டு வெள்ளையாகவும் இருந்தன. இரண்டு வெள்ளைகளையும் பிரித்தறிய, ஒன்றில் கரும்புள்ளி வைத்தார்கள். தந்தப் பந்தில் இப்புள்ளியைச் சிறு துளையிட்டு, கறுப்பு முளையைச் செருகிச் சமப்படுத்தி அமைத்தார்கள். ஆகவே பந்தில் துளையிட்டு வேறு நிறப் பொருளால் அடைப்பது இவ்விளையாட்டுக்குப் புதிய வித்தையல்ல.

சாயமேற்றுவது தனிக்கலை. தந்தத்தை மெல்லிய அமிலநீரில் தோய்த்து மேற்பரப்பைச் சாயம் ஏற்கும்படி செய்து, படிகாரம் அல்லது தகர உப்புக் கரைசலில் ஊறவைத்து, பின் சாயத்தில் இடுவார்கள். கொதிநீர் கூடாது, தந்தம் வெடித்துவிடும். சிவப்புக்கு கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியின் சாயம், நீலத்துக்கு அவுரி, பச்சைக்குச் செப்புக் களிம்பு என்று பழைய கைநூல்கள் சொல்லும். தந்தம் நாரோட்டமுடைய பொருள். நாரின் முனைப்பக்கம் கூடுதலாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் சாயத்தை உறிஞ்சும். அதனால் பந்தின் இரு துருவங்களிலும் நிறம் கடுமையாகவும் இடையில் மங்கலாகவும் விழும்.

அத்துடன் முடிவதில்லை. தந்தம் ஈரத்தில் உப்பும், உலர்வில் சுருங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அல்ல. பகலில் மூடுபனி, இரவில் கணப்படுப்பு என்று மாறும் நுவரெலியா போன்ற இடத்தில் பந்து விரைவில் உருண்டை வடிவம் கெடும், கீறல் விடும். கெட்ட பந்தை மீண்டும் கடைந்து உருட்டாக்க வேண்டும். சாயமோ மேல்தோலோடு நிற்பது. கடைந்தால் சிவப்பு போய் உள்ளே வெள்ளை தெரியும். மறுபடியும் சாயமேற்ற வேண்டும். பந்து சிறிதாகும்போது மூன்றையும் ஒரே அளவுக்குக் குறைக்க வேண்டும். இவ்வாறு 'கடைந்து சாயமிடுதல்' லண்டன் நிறுவனங்களின் வழக்கமான சேவையாகவே இருந்தது.

உதகையிலிருந்து வந்த வண்ணங்கள்

மூன்று பந்துகளுக்கே இந்தப் பாடென்றால், பல நிறப் பந்துகள் வேண்டியிருந்த ஆட்டத்தைக் கேட்கவும் வேண்டுமா? அந்த ஆட்டம் பிறந்து வளர்ந்ததில் தமிழ் நிலத்துக்கும் பங்குண்டு. 1875இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் படை அதிகாரி (பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான அதே பெயருடையவர் அல்லர்) அப்போது வழங்கிய ஆட்டத்தில் மேலும் நிறப்பந்துகளைச் சேர்த்து ஸ்நூக்கரை உருவாக்கினார். 1882இல் அதன் விதிகள் நீலகிரியில், உதகமண்டலம் கிளப்பின் பில்லியட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜோன் ரொபர்ட்ஸ் 1885இல் கல்கத்தாவுக்கு வந்து சேம்பர்லினிடம் விதிகளைக் கேட்டறிந்து சென்றார். தொடக்கத்தில் பதினைந்து சிவப்பும், அவற்றுடன் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவையும் இருந்தன. நீலமும் மண்ணிறமும் பின்னர் சேர்ந்தன.

இன்றைய கணக்குப்படி வெள்ளையோடு சேர்த்து 22 பந்துகள். ஒரு தந்தத்துக்கு ஐந்து பந்து என்று கொண்டாலும் ஒரு மேசைக்கு ஐந்து தந்தம் வேண்டும். பதினைந்து சிவப்பும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். ஒன்று கெட்டு மாற்றினால், புதியது பளிச்சென்றும் பழையவை வெளுத்தும் நிற்கும்.

1869

மலையக வரலாற்றில் 1869ஐ மறக்க முடியாது. கோப்பி இலையைத் தின்ற பூஞ்சை நோய் இலங்கைத் தோட்டங்களில் கண்டறியப்பட்ட ஆண்டு அது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை, அடுத்த இருபதாண்டுகளில் கோப்பியின் இடத்தைப் பிடித்தது. இலங்கை மலைகளின் நிறமே மாறிற்று.

அதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1868இல் ஜேர்மனிய வேதியியலாளர் கிரேபேயும் லீபர்மனும் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் வழியைக் கண்டனர். மறு ஆண்டு அதற்குக் காப்புரிமை வந்தது. நம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வருவாய்க்காகத் தோண்டுவித்த சாயவேரின் சிவப்புக்கும் அலிசரினே மூலம். வேர் தோண்டியவர்களின் தொழில் அதற்கு முன்பே நலிந்திருந்தது. செயற்கைச் சாயம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அதே 1869இல் அமெரிக்காவில் ஜோன் வெஸ்லி ஹயட் என்ற அச்சுத் தொழிலாளர், தந்தத்துக்குப் பதிலான பில்லியட்ஸ் பந்துக்குக் காப்புரிமை பெற்றார். தந்தத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய நியூயோர்க் மேசை வியாபாரிகள் மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டொலர் பரிசு அறிவித்திருந்ததே அவரைத் தூண்டியது. அவர் முயற்சியில் விளைந்த பொருளே செலுலொயிட். நைத்திரேற்றிய பஞ்சும் கற்பூரமும் அதன் சேர்க்கை. முதற் பந்துகள் சில மோதும்போது மெல்லிய வெடிச்சத்தம் எழுமாம். கொலராடோ மதுச்சாலையொன்றில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் துப்பாக்கியை உருவுகிறார்கள் என்று கடைக்காரர் எழுதியதை ஹயட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரத்தின் உலகத் தேவை இதனால் பெருகிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டிலும் கற்பூர மரத்தைப் பயிரிட்டுப் பார்த்தார்கள்.

பின்னர் 1907இல் பேக்லண்ட் கண்ட பேக்லைட் வகைப் பிசின் வந்தது. பிரித்தானியாவில் கிறிஸ்டலேட் என்ற கலவைப் பந்து பரவிற்று. அதே நிறுவனம் கிராமபோன் இசைத்தட்டும் செய்தது. இன்று பந்துகள் பீனோலிக் பிசினில் வார்க்கப்படுகின்றன. இவற்றில் நிறம் மேல்தோலில் அல்ல, உடல் முழுவதும் ஊடுருவியிருக்கிறது. எவ்வளவு தேய்ந்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். போலிங் பந்தும் இதே பாதையில்தான் வந்தது: முதலில் கடுமரம், 1900களின் தொடக்கத்தில் கடின இறப்பர், பிறகு பொலியெஸ்டர், 1980களில் யூரிதேன்.

மார்க்கரின் கதை

இப்போது 1996க்கு வருகிறேன். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த சம்பளப் பிரச்சினை பற்றி எழுத நுவரெலியா சென்றிருந்தேன். ஓர் பழைய மன்றத்தின் பின்கட்டில் அந்த முதியவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியிருப்பார். பதினான்கு வயதில் தந்தைக்கு உதவியாளாக அந்த அறைக்குள் நுழைந்தவர். ஓய்வுபெற்ற பின்னும் நாள்தோறும் வந்து மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பந்தைப் பற்றிப் பேசினார்.

அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே தந்தப் பந்துகள் இன்னும் பாவனையில் இருந்தனவாம். ஓரிரவு ஒரு துரை ஓங்கி அடித்ததில் வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் கணப்படுப்பின் கல்லில் விழுந்து, பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. புதிய பந்து லண்டனிலிருந்து வர மாதங்களாகும். விழுத்தியவர் துரையானாலும் பதில் சொல்ல வேண்டியவர் மார்க்கர். தந்தை ஓர் உடைந்த கத்தியின் தந்தப் பிடியைத் தேடியெடுத்து, அதிலிருந்து சிறு முளை செதுக்கி, பெயர்ந்த இடத்தைத் துளையாக்கி, முளையைப் பசையிட்டுப் பொருத்தி அராவினார். அளவு சரியாக இருந்தது. நிறந்தான் ஒவ்வவில்லை. பந்தோ கைபட்டும் புகைபட்டும் பழுத்து மஞ்சளாகியிருந்தது. முளையோ பாலாக வெளுத்திருந்தது.

"அப்பாரு என்னா செஞ்சாருன்னு நெனைக்கிறீங்க தம்பி? லயத்துக்குப் போயி ஒரு சட்டி சாயத்தண்ணி காய்ச்சிக்கிட்டு வரச் சொன்னாரு. தூளு அள்ளிப் போட்டு, கருகருன்னு."

மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம். பால் சேர்க்காத வெறும் தேநீரைத் தோட்டங்களில் சாயத்தண்ணீர் என்பதுண்டு. துணிக்கு ஏற்றுவதும் சாயம், தொழிலாளி காலையில் குடித்துவிட்டு மலைக்கு ஏறுவதும் சாயம்.

தேநீரை நன்றாக ஆறவைத்து, பஞ்சில் தோய்த்து, முளையின் மீது மட்டும் ஒற்றி, உலர்த்தி, மறுபடியும் ஒற்றி, மூன்று நாள் அந்த மனிதர் பாடுபட்டிருக்கிறார். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் தந்தத்தின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. தன் வீட்டுக் குவளையில் படியும் கறையைப் பார்த்து அறிந்திருப்பார். மூன்றாம் நாள் இரவு மேசை விளக்கின் கீழே வைத்தபோது, முளை எதுவென்று மகனுக்கே தெரியவில்லையாம். மறுநாட் காலை சாளரத்தருகே வைத்துப் பார்த்தபோது வட்டம் தெரிந்தது. சிறுவன் பதறியிருக்கிறான்.

"அப்பாரு சிரிச்சாரு. 'தொரமாரு ராவுலதானடா வெளையாடுவாங்க? பகல்ல யாருடா பாக்கப்போறா?' அப்பிடின்னாரு."

எந்தத் துரையும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

பெயரில்லாத பேரேடு

கதை இங்கே முடிந்திருந்தால் ஒரு கெட்டிக்காரனின் கதையாக முடிந்திருக்கும். நான் விடைபெற எழுந்தபோது அந்த முதியவர் ஒரு பழைய உறையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்துக் காட்டினார்.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாசலைத் திறந்தது. திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து ஏழாண்டும், ஆகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோல் பதிவாவது இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. வேலை செய்த இடத்தின் சம்பளப் பேரேட்டைக் கேட்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் சம்பளம் கொடுத்த தொகை இருந்தது. ஆளின் பெயர் இருந்த இடத்தில் 'மார்க்கர்' என்று மட்டும் இருந்தது. தந்தை காலத்துப் பக்கங்களிலும் அதே சொல். மகன் எங்கே தொடங்கினான், தந்தை எங்கே முடிந்தார் என்று அந்தப் பேரேட்டைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர்களையும் 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். கேட்கப்படாதவர்கள் அந்த மக்கள் மட்டுமே. முதியவரின் தம்பி குடும்பத்தோடு இந்தியப் பங்கில் விழுந்தார். ஹட்டன் புகையிரத நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுத அந்தக் காட்சிகளைப் பற்றி மலையகத்தில் கேளாத வீடில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஆயிரக்கணக்கானோர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு அங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் தம்பிக்கும் வேலை கிடைத்தது. மறுபடியும் ஒரு மலை, மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே அவர்கள் 'இந்தியாக்காரர்'. ஸ்நூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்ட உதகை அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அண்ணன் இங்கேயே, எந்தப் பங்கிலும் முறையாகச் சேராமல் இருந்துவிட்டார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், சத்தியக் கடதாசி கொடுத்துக் குடியுரிமை பெற்றார். அந்த உறையில் இருந்தது அதுதான். பிறந்த மண்ணின் பிரசையாக அவரை ஏற்றுக்கொள்ள நாட்டுக்குச் சுதந்திரத்தின் பின் நாற்பதாண்டு பிடித்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபீர் வென்று இலங்கைக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை முதியவர் வெட்டி அதே உறைக்குள் வைத்திருந்தார். "நம்ம நாட்டு ஆளு ஜெயிச்சாரு தம்பி" என்று அவர் சொன்னபோது, 1973இல் அவருக்கு நாடே இருக்கவில்லை என்பது என் நினைவுக்கு வந்தது. அதை நான் சொல்லவில்லை.

பகல் வெளிச்சம்

மலைநாட்டு மன்றங்களைப் பற்றி இன்று எத்தனையோ எழுத்துகள் வருகின்றன. பளபளக்கும் மரத்தரை, சுவரில் மான்தலை, பித்தளைக் கைப்பிடி, நூற்றாண்டு கண்ட மேசை. சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்ட அவை பொய்யல்ல. மேசை விளக்கின் கீழே எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிகிறது. பகலில் சாளரத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தால்தான் எங்கெங்கே பெயர்ந்தது, எதைக் கொண்டு அடைத்தார்கள், யாருடைய கை ஒற்றியது என்பது தெரியும்.

அந்த முதியவரைப் பற்றி அன்று நான் எழுதவில்லை. நான் அனுப்பப்பட்டது சம்பளப் பிரச்சினைக்கு. செய்தியில் அதற்குத்தான் இடமிருந்தது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பந்தின் கதை முழுவதும் இருக்கிறது, சட்ட இலக்கங்கள் இருக்கின்றன, பேரேட்டின் விவரம் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் நான் எழுதியிருப்பது 'மார்க்கர், நுவரெலியா' என்று மட்டும். அவருடைய பெயரை நானும் எழுதிக்கொள்ளவில்லை.

இதை வாசிப்பவர்களில் எவருடைய தாத்தாவோ பாட்டனோ மார்க்கராகவோ, அப்புவாகவோ, குதிரைக்காரராகவோ, கொழுந்து நிறுப்பவராகவோ மலைநாட்டில் வேலை செய்திருந்தால், தயவுசெய்து முதலில் அவருடைய பெயரை எழுதி வையுங்கள். மற்றக் கதையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.